சரிவில் ஆரஞ்சு வண்டி

பிரேக்கைத் தொடுவதில்லை என்று சாந்தாமணி காலையில் அரிசி களையும்போதே முடிவு செய்துவிட்டாள். அடுப்படியில் நின்றுகொண்டு யாரும் எதையும் முடிவு செய்யலாம், அதற்கு என்ன செலவு. இப்போது ஆரஞ்சு வண்டியில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து மேல்புல்வெளியில் வேலியோரமாகப் புல் வெட்டிக்கொண்டு போகும்போதுதான் அந்த முடிவு கனத்தது. இந்த மேட்டுப்பகுதி முடிந்தால் சரிவு. சரிவுக்கு அடியில் சில்வர் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரங்கராஜ் உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஊன்றுகோல், அவள் புருஷன், மழைக்கு முன்னால் இதே வண்டி இதே சரிவில் கவிழ்த்து இடுப்பை உடைத்துப்போட்ட மனிதர். வரவேண்டாம் என்றுதான் சொன்னாள், கேட்டால்தானே. டீக்கு மணி அடித்ததும் பிரின்சிபால் ஹெலன் மேடம் வந்துவிடுவார். இருக்கிற பாட்டரி ஒரு வண்டிக்குத்தான் காணும், இந்தப் பழைய வண்டிகளுக்குச் சாமான் எங்கேயும் கிடைப்பதில்லை, ஆகவே இரண்டு வண்டியில் ஒன்றைப் பிரித்து மற்றொன்றுக்கு ஸ்பேராக வைத்துக்கொள்வது என்று பேச்சு. எதை என்று சாந்தாமணி இன்று சொல்ல வேண்டும். "உனக்குத்தான் மோட்டார் தெரியும், நீயே பாத்துச் சொல்லு. ஆனா ஆளைக் கவுத்தது ஆரஞ்சு, அதை மறந்துடாதே," என்றிருந்தார் மேடம். மறப்பதாவது. ராத்திரியில் அவர் புரண்டு படுக்க முடியாமல் முனகுகிற ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் அந்த வண்டிதான் ஓடுகிறது. வேலி முடிந்தது, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினாள், முன்னால் கட்டியிருந்த மாட்டுமணி ஒருதரம் குலுங்கிவிட்டு மறுபடி நிதானமாக அடிக்கத் தொடங்கியது.

மணி இல்லாமல் இந்த வண்டிகள் வெளியே வரக்கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற இடம். பெட்ரோல் மெஷின் இரைந்தால் பிள்ளைகளுக்குத் திசை கெட்டுவிடும், கீழ்மைதானத்தில் சலங்கைப் பந்து உருளுவதுகூடக் கேட்காது என்று எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் பாட்டரியில் ஓடும் புல்வெட்டி டிராக்டர் இரண்டைக் கப்பலில் அனுப்பிவைத்தார், அவர் பேர்கூட இப்போது யாருக்கும் தெரியாது. வந்த பிறகுதான் சத்தமே இல்லாதது அதைவிட ஆபத்து என்று புரிந்து, கோத்தகிரிச் சந்தையில் மாட்டுமணி வாங்கிக் கட்டினார்களாம். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி, குணத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள். பச்சையில் இருப்பது சீரீஸ் மோட்டார், நடுவில் சுழலுகிற ஆர்மேச்சருக்குப் போகிற கரண்டேதான் அதைச் சுற்றிக் காந்தமாக நிற்கிற ஃபீல்டு காயிலுக்குள்ளும் போய்வர வேண்டும், அதனால் சுமையைக் கண்டால் உயிரைக் கொடுத்து இழுக்கும், உரமூட்டைகளோடு மேட்டில் ஏறச்சொன்னால் முக்காமல் முனகாமல் ஏறும். வேகத்துக்கு நாலு படி, ஒவ்வொரு படிக்கும் இருக்கைக்கு அடியில் ஒரு கம்பிச்சுருள், மெதுவாகப் போ என்றால் மிச்சக் கரண்டை அந்தச் சுருளில் சூடாக்கித் தொலைக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும், குளிர்காலத்தில் சுகம், மற்றக் காலத்தில் வேதனை. ஆனால் சுமை போனால் பச்சை வேறு ஆள். சின்ன வயதில் ஆவாரம்பாளையத்தில் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது அப்பா சொல்வார், "சீரீஸ் மோட்டாரை வெறுமனே சுத்த உடாதே கண்ணு, சுமை இல்லீன்னா அதுக்குத் தலைகால் தெரியாது." சரிவில் இறங்கும்போது சுமை ஏது. வண்டியே தள்ளும், மோட்டார் சந்தோஷமாகக் கூடவே ஓடும், நிறுத்துவதற்குப் பிரேக் ஒன்றுதான் கதி, அந்தப் பிரேக்கோ நிற்கிற வண்டி நகராமல் இருப்பதற்காகப் போட்ட பட்டை. அதனால்தான் பச்சையை இதுவரை மேட்டிலும் தளத்திலும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆரஞ்சைப் பிரித்துவிட்டால் பச்சைதான் இந்தச் சரிவிலும் இறங்கும், அடியில் பிள்ளைகள் விளையாடுகிற மைதானம், ஓட்டப்போவது அவள்.

ஆரஞ்சில் ஃபீல்டு காயிலுக்குத் தனிவழி, அதுதான் அதன் அழகு என்று அவளுக்கு எப்போதும் தோன்றும், யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் மோட்டாரில் என்னடி அழகு என்பார்கள். டேஷில் ஒரு நாப். அதைத் திருப்பினால் ஃபீல்டுக்குப் போகும் கரண்டு மட்டும் கூடும், குறையும். குறைத்தால் வண்டி வேகமெடுக்கும், கூட்டினால் நிதானத்துக்கு வரும். இது என்ன தலைகீழ் நியாயம் என்று ரங்கராஜ் முதல்நாள் சிரித்தார். தலைகீழ்தான். பிடி தளர்ந்தால் ஓட்டம், பிடி இறுகினால் நிதானம், அவ்வளவுதானே, வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது என்று அவள் சொன்னதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார். ஆனால் பிடி அடியோடு அறுந்துபோனால்? அங்கேதான் பயம். ஃபீல்டு கம்பி எங்கேயாவது விட்டுப்போனால் இந்த மோட்டாரும் வெறிபிடித்து ஓடும், பச்சையைவிட மோசமாக ஓடும். "வண்டி தானா ஓடுச்சு" என்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன நிமிஷத்திலேயே அவள் மனசு ஃபீல்டு காயிலுக்குப் போய்விட்டது. வண்டியை நிமிர்த்திக் கொண்டுவந்து ஷெட்டில் போட்ட அன்றைக்கே மோட்டாரை இறக்கினாள். காயிலை மீட்டரில் பார்த்தாள், முழுசாக இருந்தது. கார்பன் பிரஷ் பாதிதான் தேய்ந்திருந்தது. கரண்டைச் சேர்த்து விலக்குகிற கான்டாக்டர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வயரை ஒவ்வொரு அங்குலமாக மடக்கி மடக்கிப் பார்த்தாள். தீயில் காட்டாத குறையாகக் காயிலைச் சூடாக்கிக்கூடப் பார்த்தாள், சில கம்பிகள் குளிரில் ஒட்டிக்கொண்டிருந்து சூட்டில் விலகும், மனிதர்களைப் போல அல்ல, மனிதர்கள் குளிரில்தான் விலகுகிறார்கள், சரி, இது என்ன நினைப்பு, புல்லைப் பார். எதுவும் இல்லை. எதுவுமே இல்லை என்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்றுதான் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விட்டிருக்கிறாளோ. வார்னிஷுக்கு அடியில், ஒரு மயிரிழை. இன்றைக்கு அவள் கீழே இறங்கும்போது அது விலகுமோ. மணி நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தது.

மணி மட்டும்தான். இதைத்தான் அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தது, இதுதான் வந்து வந்து நிற்கிறது, மேய்ச்சலில் விரட்ட விரட்டத் திரும்பும் மாடு மாதிரி. கிருபா டீச்சர் சொன்னது. பாட்டு டீச்சர், பிறவியிலேயே பார்வை கிடையாது, ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். வண்டி கவிழ்ந்த அன்றைக்குச் சரிவுக்குப் பக்கத்து வகுப்பில் சன்னல் திறந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். போனவாரம் சமையல்கட்டில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "கடகடன்னு மணி வந்துச்சு சாந்தாமணி. மணி மட்டும்தான். எனக்கென்ன தெரியும், ஏதோ மாடு அவுத்துக்கிட்டு ஓடுதுன்னுதான் நினைச்சேன்," என்றார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். மணி மட்டும் எப்படி வரும்? ஃபீல்டு விட்டு மோட்டார் வெறிபிடித்திருந்தால் அலறியிருக்குமே, அந்த அலறலை அவள் அப்பா கடையில் கேட்டிருக்கிறாள், தெருக்கோடி வரை போகும், காதைப் பொத்திக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். வண்டி சும்மா கியரில் இறங்கியிருந்தால்கூட ஒரு ரீங்காரம் வரும், இப்போது வருகிறதே, இது. கிருபா டீச்சர் காதுக்கு அது தப்பவே தப்பாது. மோட்டாரே சுற்றவில்லை என்றால். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை என்றால். இந்த இடத்துக்கு வந்ததும் சாந்தாமணியின் புத்தி ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டுவிடும், அரிசியைப் பார், துணியைப் பார், ரேஷனுக்கு நேரமாகிறது பார் என்று வேறு பக்கம் போய்விடும். ஏனென்றால் அதற்கு அடுத்த வார்த்தை அவள் புருஷனுடைய வார்த்தை.

அவர் லாரிக்காரர். காரமடையில் பிறந்து, மேட்டுப்பாளையத்தில் கிளீனராகச் சேர்ந்து, ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து இந்த மலைப்பாதையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தேயிலையும் இறக்கியவர், ஒரு கீறல் இல்லை, ஒரு கோழிக்குஞ்சு செத்ததில்லை. கண் கொஞ்சம் மங்கியதும் லாரியை விட்டுவிட்டு அவள் வேலை பார்க்கிற இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வண்டியோட்ட வந்தார், பொம்மை வண்டி என்று கேலி செய்துகொண்டே அதைத் தினம் துடைத்து வைத்தார். இப்போது இடுப்பில் கம்பி வைத்துக் கிடக்கிறபோதும் பழைய லாரிக்காரர்கள் ஆரஞ்சுப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, "ரங்கராஜு கையில வண்டி தப்பாதப்பா, அது மெஷினு கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சுத்தான் அவருக்கு மருந்து. அவர்கள் போன பிறகு ஒரு மணிநேரம் வலியே இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அதை அவள் எப்படிப் பிடுங்குவது? எல்லா லாரிக்காரர்களையும் போல இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற ஆள்தான் அவரும், கல்யாணமான புதிதில் லாரியில் முன்னால் உட்கார்ந்து போகும்போது, வளைவு தாண்டி நேர் இறக்கம் வந்ததும் இடதுகையால் கியரைத் தட்டி விடுவித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பார், இஞ்சின் சத்தம் அடங்கிக் காற்று மட்டும் வரும், அவளுக்கும் அது பிடிக்கும். மிச்சம், என்பார். இந்த ஒரு லிட்டர் நம்ம மிச்சம். அவர் அதைப் பெருமையாகத்தான் செய்தார், சோம்பேறித்தனமாக இல்லை, ஒரு துளியும் வீணாக்காத மனுஷன். இல்லை, இங்கே செய்திருக்கமாட்டார். இங்கே டீசலா எரிகிறது. ஆனால் சார்ஜ் இருக்கிறதே. சாயங்காலம் பாட்டரியில் சார்ஜ் மிச்சம் இருக்கிறதென்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

புல் முடிந்துவிட்டது. மேட்டில் கடைசிப் பட்டையும் வெட்டியாகிவிட்டது, வேண்டுமென்றே நிதானமாக வெட்டினாலும் முடிகிறது முடியத்தானே செய்யும். வெட்டுக்கத்தியின் சுவிட்சை அணைத்தாள், காதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, சக்கரத்து மோட்டாரின் ரீங்காரம் மட்டும் மெலிசாக. வண்டியைச் சரிவின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். கீழே மைதானம் காலியாக இருந்தது, பிள்ளைகள் வகுப்பில், கிருபா டீச்சரின் ஆர்மோனியம் எங்கிருந்தோ ஒரே இரண்டு சுரத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தது. ரங்கராஜ் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருக்குப் பயம், இங்கிருந்தே தெரிகிறது, கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கிறார். பயப்படாதீங்க என்று கையைக் காட்டலாமா என்று நினைத்துக்கொண்டே பெடலை மிதித்தாள், முன்சக்கரம் விளிம்பில் மெதுவாகத் தலைசாய்த்தது, அந்த நேரம் பார்த்து அங்கே கீழே அவருடைய இடதுகை மடியிலிருந்து எழுந்தது, முழங்காலுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத காற்றில், ஒரு தட்டுத் தட்டி எதையோ விடுவித்துவிட்டுத் திரும்ப மடிக்குப் போனது. அவருக்கு அது தெரியவே தெரியாது. கண் அவள்மேல் இருந்தது, கை தன் வேலையைத் தானாகச் செய்தது. சாந்தாமணிக்கு ஒரு நொடி அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமா பாவமா என்று அவளுக்கே விளங்கவில்லை. பாவி மனுஷா. மிச்சம் பிடித்தாயா. இந்த இறக்கத்திலும் மிச்சம் பிடித்தாயா.

சரி, அழுவதற்கு இது இடமில்லை. நாபை முழு நிதானத்துக்குத் திருப்பினாள், ஃபீல்டுக்கு எவ்வளவு கரண்டு போகமுடியுமோ அவ்வளவும் போகட்டும். கியரில் கை வைக்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. வண்டி இறங்கத் தொடங்கியது. முதலில் ஒரு உந்தல், மயிரிழை என்று நினைப்பு குத்தியது, இதோ விடப்போகிறது, இதோ அலறப்போகிறது, புல்லில் ஈரம், அன்றைக்கும் ஈரம், பிரேக் பட்டை வழுக்கி அவரை எங்கே கவிழ்த்தது, பாதிச் சரிவில் துருத்தி நிற்கிற அந்தக் கல்லுக்குப் பக்கத்திலா, மற்றொரு கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போனது, போகாதே என்று காலுக்குச் சொன்னாள், வாய்விட்டே சொன்னாள். அப்போது வண்டி பிடித்தது. யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தது மாதிரிகூட இல்லை, சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்குமே, அவ்வளவுதான், அந்தச் சின்னக் கனம்தான், ஆனால் பாட்டரிகளையும் இரும்பையும் அவளையும் சேர்த்து அந்தக் கனம் தாங்கிப் பிடித்து இறக்கியது. இப்போது சக்கரம்தான் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் டைனமோவாகிவிட்டது. ரீங்காரம் ஒரே சீராக, கூடாமல் குறையாமல். மணி ஒரே தாளத்தில். டேஷில் கரண்டு மீட்டரின் ஊசி நடுவிலிருந்து கிளம்பி இடதுபக்கம் சாய்ந்து நின்றது, பாட்டரி கொடுக்கவில்லை, வாங்குகிறது. கல்லைத் தாண்டினாள். இந்த வண்டி யாரையும் கவிழ்க்கவில்லை. சொல்லத்தான் போகிறாள். அவர் முகம் எப்படிப் போனாலும் சொல்லத்தான் போகிறாள், லாரிக்காரர்கள் வருவது நின்றாலும், ஒரு மாசம் அவர் பேசாமல் இருந்தாலும், சோற்றுத்தட்டைத் தள்ளினாலும். இல்லையென்றால் நாளைக்குப் பச்சை வண்டி இந்தச் சரிவில் தலைகால் தெரியாமல் இறங்கும், கீழே சலங்கைப் பந்தைக் காதால் தேடிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். அவர் பேரும் முக்கியம்தான், ஆனால் அந்தப் பிள்ளையின் உயிரை வைத்து அதைக் காப்பாற்ற முடியாது. தரை சமமானது, பெடலை விட்டாள், வண்டி அவர் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கியர்த்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நியூட்ரல் போடலியா?"

"போடலீங்க."

"பிரேக்கு?"

"தொடவே இல்லீங்க."

ரங்கராஜ் ஊன்றுகோலின் தலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், விலை விசாரிப்பவர் மாதிரி மெல்ல, "ஊசி எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இடது பக்கமுங்க."

"எறங்கறப்ப பூராவுமா?"

"பூராவும்."

"அப்ப நான் மிச்சம் புடிக்கறேன்னு அத்தனை தடவையும் வர்ற சார்ஜை," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சிரிக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். சிரிக்கவில்லை. டீக்கு மணி அடித்தது, ஹெலன் மேடம் குடையை ஊன்றிக்கொண்டு மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வந்தார். வரும்போதே, "இறங்கினதைப் பாத்தேன், என் உயிரே என்கிட்ட இல்ல. என்ன சாந்தாமணி, எதை வச்சுக்கலாம்?" என்றார்.

"ஆரஞ்சு இருக்கட்டுங்க மேடம். பச்சையைப் பிரிச்சுக்கலாம். இதோட மோட்டார்ல ஒரு தப்பும் இல்லீங்க."

"தப்பில்லன்னா அன்னிக்கு எப்படி ஓடுச்சு?"

இதுதான் அந்தக் கேள்வி.  சாந்தாமணி புருஷன் பக்கம் திரும்பாமல், மேடத்தின் குடைக்காம்பைப் பார்த்துக்கொண்டு, "கியரு," என்றாள். "கியருங்க மேடம், அன்னிக்கு இவரு..."

ஊன்றுகோல் தரையில் தட்டியது. "இருடி," என்றார் ரங்கராஜ். "மேடம், அவ சொல்லி நான் கேக்கறதுக்கு நானே சொல்லிப்போடறேனுங்க. வண்டி ஓடலீங்க. நாந்தான் நியூட்ரல்ல உட்டேன். லாரிப் பழக்கம். இது லாரி இல்லீன்னு கைக்குத் தெரியல." சொல்லும்போது குரல் ஒரே மட்டத்தில் இருந்தது, கழுத்து மட்டும் சிவந்துவிட்டது. மேடம் சரி என்று தலையசைத்தார். சாந்தாமணிக்குப் புருஷன் தோளைத் தொடவேண்டும் போலிருந்தது. மேடம் முன்னால் எப்படித் தொடுவது. ஸ்டியரிங்கைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூலையில ஒரு பட்டை புல்லு உட்டுப்போட்ட," என்றார் அவர், அவளைப் பார்க்காமலே. "போய் வெட்டிட்டு வா."

விடவில்லை, எல்லாம் வெட்டியாகிவிட்டது, அது அவருக்கும் தெரியும். அவள் வண்டியைத் திருப்பிச் சுற்றுப்பாதையில் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள், மூலையில் புல் இருக்கிறதா என்று ஒரு பேச்சுக்குப் பார்த்தாள், மறுபடி விளிம்புக்கு வந்தாள். மேடம் போய்விட்டிருந்தார். பிள்ளைகள் டீ டம்ளரோடு வராந்தாவுக்கு வந்து மணிச்சத்தம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்கள். முன்சக்கரம் தலைசாய்த்தது. கீழே அவருடைய இடதுகை மடியிலிருந்து எழுந்தது. பாதி எழுந்ததும் வலதுகை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்து மடியிலேயே அமுக்கிக்கொண்டது. வண்டி கல்லைத் தாண்டிக் கீழே வந்து நிற்கும் வரை அவர் அந்தப் பிடியை விடவில்லை.